தூசியா, ஊசித்துளையா? லோ-ஈ கண்ணாடி லைனில் கேமரா குழப்பம், உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. லோ-ஈ கண்ணாடிக்கு (வெப்பம் கடப்பதைக் குறைக்கும் மெல்லிய பூச்சுள்ள கண்ணாடி) பூச்சுப் போடும் லைனில் தரப் பரிசோதனை பார்க்கிறேன். ஷீட் 3.21 மீட்டர் அகலம். கோட்டரை (பூச்சுப் போடும் இயந்திரம்) விட்டு வெளியே வரும் இடத்தில் 8,192 பிக்சல் லைன் ஸ்கேன் கேமரா (நகரும் ஷீட்டை வரிவரியாகப் படமெடுப்பது) நான்கு, கீழிருந்து எல்இடி வெளிச்சம். பிக்சலுக்குச் சுமார் 0.1 மி.மீ. வருகிறது, அதில் குறை இல்லை.

சுமார் பத்து நானோமீட்டர் தடிமனுள்ள வெள்ளி அடுக்கில் ஊசித்துளை விழுந்தால் திரையில் வெண்புள்ளி தெரியும். தூசி என்றால் கரும்புள்ளி. இதுவரை சரி. ஆனால் பூச்சுக்கு முன்பே ஒட்டிக்கொண்ட தூசி, பூச்சையும் தன் மேல் வாங்கிக்கொண்டு கரும்புள்ளியாகவே கேமராவைத் தாண்டிவிடுகிறது. அப்புறம் உதிர்ந்ததும் அடியில் துளை! அதைக் கண்டுபிடிப்பது வாடிக்கையாளர். கரும்புள்ளிக்கும் அலாரம் வைத்தால், பூச்சுக்குப் பின் விழுந்த, துடைத்தால் போகிற தூசிக்கெல்லாம் கத்துகிறது. ஆபரேட்டர்கள் சத்தத்தையே அணைத்துவிடுகிறார்கள், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

பூச்சுக் கண்ணாடிக்கான ஐஎஸ்ஓ 11479-1 தரநிலைப்படி 3 மி.மீ.க்கு மேற்பட்ட துளை கூடாது. அதனால் பெரிய புள்ளிகளைப் பிரித்தாலே எங்களுக்குப் பாதி நிம்மதி.

மேலிருந்து சாய்வாக டார்க் ஃபீல்டு வெளிச்சம் (புள்ளிகளில் பட்டுச் சிதறும் ஒளி மட்டும் கேமராவுக்கு வரும் முறை) சேர்த்து, இரண்டு படங்களையும் ஒப்பிட்டு இந்த இருவகைத் தூசியைப் பிரித்தவர்கள் இருக்கிறீர்களா? கண்ணாடியைக் கழுவும் வாஷருக்கும் கோட்டருக்கும் நடுவே இன்னொரு கேமரா வைத்தால் பயன் உண்டா? சப்ளையர் ஏஐ மாடலுக்கு மறுபடி பயிற்சி கொடுத்தால் போதும் என்கிறார். படத்திலேயே வித்தியாசம் தெரியாதபோது எதை வைத்துப் பயிற்சி கொடுப்பது?

அனுமதி வாங்கிய மாதிரிப் படங்கள் சில இருக்கின்றன, கேட்டால் அனுப்புகிறேன்.