தி வைல்ட் கீஸ் டிவிடி: 5 நிமிடம் காணோம், அவசரம்

அருண்87
வெள்ளி, இரவு 9:12
எல்லோருக்கும் வணக்கம். தி வைல்ட் கீஸ் தட்டு கிடைத்தது. நெட்டில் எங்கே பார்த்தாலும் 134 நிமிடம் என்று போட்டிருக்கிறது, என்னுடையது அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. 5 நிமிடத்துக்கு மேல் வெட்டிவிட்டார்கள். ரிச்சர்ட் பர்ட்டன் குரலும் என்னவோ போல் இருக்கிறது. ஞாயிறு மாலை அப்பாவுக்குப் போட்டுக் காட்ட வேண்டும், அவர் கல்லூரி நாளில் தியேட்டரில் பார்த்த படம். முழுப் படம் வர என்ன வழி? சீக்கிரம் சொல்லவும்.

இடைவேளை
வெள்ளி, இரவு 9:20
தட்டு என்றால் எது? விசிடியா, டிவிடியா, ப்ளூ-ரேயா? எந்த நாட்டுப் பதிப்பு? ப்ளேயரிலா, கணினியிலா? சரியாக எத்தனை நிமிடம் காட்டுகிறது? "என்னவோ போல்" என்றால் கரகரப்பா, எதிரொலியா? வைத்தியரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் எப்படி?

மதியக்காட்சி
வெள்ளி, இரவு 9:24
சந்தேகமே வேண்டாம், சென்சார் வேலை. தூங்கிக்கொண்டிருக்கும் சிப்பாய்கள் மேல் சயனைடு வாயு அடிப்பார்களே, அதைத்தான் முதலில் தூக்குவார்கள். அந்த இடம் இருக்கிறதா பாருங்கள்.

டபுள்ஃபீச்சர்
வெள்ளி, இரவு 9:31
நண்பரே, நீங்கள் வாங்கியது அந்தப் படமே இல்லை என்று நினைக்கிறேன். 1984-ல் இத்தாலிக்காரர் அந்தோனியோ மார்கெரிட்டி எடுத்த "கோட் நேம்: வைல்ட் கீஸ்" என்று ஒன்று உண்டு. லீ வான் க்ளீஃப், க்ளாஸ் கின்ஸ்கி எல்லாம் வருவார்கள். பெயரைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர், அடியேன் உட்பட. இல்லாவிட்டால் 1985-ல் வந்த இரண்டாம் பாகமாக இருக்கும்.

பழையரீல்
வெள்ளி, இரவு 9:48
முதல் பதிவில் "பர்ட்டன் குரல்" என்று எழுதியிருக்கிறார், அதைப் படித்துவிட்டுப் பதில் போட்டிருக்கலாம். பர்ட்டன் 1984 ஆகஸ்டில் இறந்துவிட்டார், இரண்டாம் பாகத்தில் அவர் கிடையாது. எட்வர்ட் ஃபாக்ஸைத் தம்பி ஆக்கிச் சமாளித்தார்கள். இந்தக் கேள்விக்கு இங்கேயே பலமுறை பதில் எழுதியாயிற்று. தேடல் பெட்டி என்று ஒன்று மேலே இருக்கிறது தம்பி, அதில் தட்டச்சு செய்தால் கடிக்காது.

அருண்87
வெள்ளி, இரவு 10:05
படம் சரிதான் சார். 1978, ஆண்ட்ரூ மெக்லாக்லன். பர்ட்டன், ரோஜர் மூர், ரிச்சர்ட் ஹாரிஸ், ஹார்டி க்ரூகர் எல்லோரும் இருக்கிறார்கள். வாயு அடிப்பதும் இருக்கிறது. தேடிப் பார்த்தேன், "பழைய தட்டு ஓடவில்லை, பற்பசை தடவலாமா" என்பதுதான் வந்தது.

கறுப்புப்பட்டை
வெள்ளி, இரவு 10:11
மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருகிறதா? டிவியில் ஜூம் போட்டு வைத்திருக்கிறீர்களா? இது 1.85-க்கு 1 என்ற அகலத்தில் திரையிட்ட படம். ஜூம் போட்டால் இரண்டு பக்கமும் போய்விடும்.

இடைவேளை
வெள்ளி, இரவு 10:13
பக்கவாட்டில் போனால் 5 நிமிடம் எப்படிக் குறையும்?

கறுப்புப்பட்டை
வெள்ளி, இரவு 10:15
குறையாது. ஆனாலும் ஜூமை எடுத்துவிடுவது நல்லது.

சுருதிப்பெட்டி
வெள்ளி, இரவு 10:40
அருண், மூன்றே கேள்வி. தட்டு டிவிடியா? ஐரோப்பாப் பக்கம் வாங்கியதா? ஓடும் நேரம் 2 மணி 8 நிமிடத்தை ஒட்டி இருக்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் உங்கள் படத்தில் ஒரு காட்சியும் குறையவில்லை.

அருண்87
வெள்ளி, இரவு 10:52
ஆமாம், டிவிடிதான். லண்டனிலிருந்து மச்சான் அனுப்பியது. ப்ளேயர் 2:08:40 காட்டுகிறது. உறையின் பின்னால் "சுமார் 129 நிமிடம்" என்று இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன்.

இடைவேளை
வெள்ளி, இரவு 10:54
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் மதியக்காட்சி இந்நேரம் தூங்கியிருப்பார்.

சுருதிப்பெட்டி
வெள்ளி, இரவு 11:20
அப்படியென்றால் இது பால் முறைத் தட்டு. (குடிக்கிற பால் இல்லை, ஐரோப்பிய டிவி முறையின் பெயர்.) சினிமா வினாடிக்கு 24 சட்டம் (ஃப்ரேம், அதாவது தனித்தனிப் படம்). அங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டிவி வினாடிக்கு 25 சட்டம். 24-ஐ 25-க்குள் நீட்டிச் செருகினால் படம் திக்கும் என்பதால், அப்படியே வேகமாக ஓட்டிவிடுவார்கள். 134 நிமிடத்தை 24/25-ஆல் பெருக்குங்கள், 128 நிமிடம் 38 வினாடி வரும். உங்களுடையது 2:08:40. அந்த 134-உம் முழுதாக்கிய எண்தான், ஆகவே 2 வினாடிக்குச் சண்டை வேண்டாம்.

குரல் விஷயமும் இதுவே. வேகம் 4 சதவீதம் ஏறினால் சுருதியும் ஏறும். கட்டைக் கணக்கில் சொன்னால், ஒரு கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் இடையே உள்ள தூரத்தில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. தலைப்பு ஓடும்போது ஜோன் ஆர்மட்ரேடிங் ஒரு பாட்டுப் பாடுவாரே, தனி இசைத்தட்டாகக் கேட்டுப் பழகியவர்களுக்கு அங்கேயே உறுத்தும். பர்ட்டனுக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரல், அதனால் உங்களுக்கும் தெரிந்துவிட்டது. ரோஜர் மூருக்குப் பெரிதாகத் தெரியாது.

பழையரீல்
வெள்ளி, இரவு 11:34
கொள்கை சரி, ஆனால் நிரூபணம் இல்லை. சில பதிப்புகளில் சுருதியைச் சரிசெய்து வெளியிடுவதும் உண்டு. தட்டிலேயே வெட்டு இருந்து, அதுவும் இதே அளவுக்கு வந்தால்? மூவாயிரம் தட்டு வைத்திருப்பவன் சொல்கிறேன், உறையை நம்பக் கூடாது.

டொராண்டோதம்பி
சனி, காலை 6:10
அண்ணா, என்னிடம் இருப்பது வட அமெரிக்கத் தட்டு. இங்கே டிவி முறை வேறு, சில சட்டங்களைத் திரும்பக் காட்டி ஒப்பேற்றுவார்கள், வேகம் மாறாது. என்னுடையது 2:14 ஓடுகிறது. சோதித்துவிடலாம். அருண் அண்ணா தட்டில் 28:48, 57:36, 1:26:24, 1:55:12 ஆகிய இடங்களில் நிறுத்திப் படம் எடுத்துப் போடுங்கள். நான் 30, 60, 90, 120 நிமிடத்தில் நிறுத்துகிறேன். நான்கும் ஒத்துப்போனால் வேகம்தான். வெட்டு இருந்தால் அந்த இடத்துக்குப் பிறகு எல்லாம் ஒரேயடியாக விலகும்.

அருண்87
சனி, காலை 8:45
நான்கும் எடுத்துப் போட்டிருக்கிறேன். டிவித் திரையை மொபைலில் எடுத்தது, மூன்றாவதில் சன்னல் வெளிச்சம் விழுந்துவிட்டது, மன்னிக்கவும்.

டொராண்டோதம்பி
சனி, காலை 9:02
முதலாவது, இரண்டாவது, நான்காவது: அதே முகம், அதே கோணம், ஒன்றிரண்டு வினாடிதான் வித்தியாசம். மூன்றாவதில் உங்கள் சன்னல் கம்பிதான் தெரிகிறது. ஆனால் நான்காவதே ஒத்துப்போகிறது, அதனால் நடுவில் வெட்டு இல்லை.

பழையரீல்
சனி, காலை 9:30
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

மதியக்காட்சி
சனி, காலை 9:41
சரி, சென்சார் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தப் படத்துக்கு ஆலோசகராக இருந்தவர் யார் என்று இங்கே யாருக்காவது தெரியுமா? மைக் ஹோர். நிஜக் கூலிப்படைத் தலைவர், கல்கத்தாவில் பிறந்தவர், 1964-65-ல் காங்கோவில் படை நடத்தியவர். 1981 நவம்பரில் சீஷெல்ஸ் ஆட்சியைக் கவிழ்க்கக் கிளம்பினார். பீர் குடிப்போர் சங்கம் என்று சொல்லிக்கொண்டு, பையில் மேலே குழந்தைகளுக்கான பொம்மை, அடியில் துப்பாக்கி. விமான நிலையத்திலேயே சுங்கக்காரர்களிடம் குட்டு உடைந்தது. சண்டை முற்றியதும் அங்கே வந்திறங்கிய ஏர் இந்தியா போயிங் 707-ஐக் கடத்திக்கொண்டு டர்பனுக்குப் பறந்துவிட்டார்கள். படம் பார்த்துக் கெட்டுப்போனவர் போல!

பழையரீல்
சனி, காலை 9:55
வரிசை தலைகீழ். படம் 1978, காங்கோ 1964-65. அவர் படத்தைப் பார்த்துப் போனவர் இல்லை, அவரைப் பார்த்து வந்த படம் இது. "வைல்ட் கீஸ்" என்ற பெயரும் காங்கோவில் அவர் படைக்கு இருந்ததுதான். அதற்கும் மூலம், 1691 லிமரிக் உடன்படிக்கைக்குப் பிறகு ஊரைவிட்டுப் போய் வேற்று நாட்டுப் படைகளில் சேர்ந்த ஐரிஷ் சிப்பாய்கள். சீஷெல்ஸ் கதைக்காக அவருக்கு 10 ஆண்டு தண்டனை கிடைத்தது, 1985-ல் வெளியே வந்துவிட்டார். நூறு வயது தாண்டி 2020-ல் போய்ச் சேர்ந்தார்.

கரிசல்
சனி, காலை 10:20
ஆலோசகரே அப்படி என்றால் படம் எப்படி இருக்கும்? நிறவெறி ஆட்சி நடக்கும்போது 1977-ல் தென்னாப்பிரிக்காவுக்கே போய், ட்ரான்ஸ்வாலின் வடகோடியில் எடுத்தார்கள். லண்டனில் முதல் காட்சியின்போது எதிர்ப்பாளர்கள் தெருவில் நின்றார்கள். கறுப்பர்கள் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள், ஒருவருக்கும் பெயர் கிடையாது. வெள்ளைக்காரர் ஒவ்வொருவர் செத்தால் மட்டும் பின்னணி இசை அழுகிறது. இதைப் போய் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பார்ப்பதா?

டபுள்ஃபீச்சர்
சனி, காலை 10:37
ஒருவருக்கும் பெயர் இல்லையா? லிம்பானியாக வருபவர் வின்ஸ்டன் இன்ட்ஷோனா, ஜெஸ்ஸியாக வருபவர் ஜான் கானி. நிறவெறியை எதிர்த்த நாடகங்களுக்காக 1975-ல் இருவரும் சேர்ந்து டோனி விருது வாங்கியவர்கள். ஹார்டி க்ரூகர் லிம்பானியை முதுகில் சுமந்துகொண்டே வாக்குவாதம் செய்வாரே, படத்தின் உயிரே அந்த நடைதான்.

கரிசல்
சனி, காலை 10:44
அவ்வளவு பெரிய நடிகர்கள் இருவரையும் வைத்துக்கொண்டு ஒருவரை முதுகில் ஏற்றிவிட்டார்கள், இன்னொருவருக்கு எத்தனை வசனம் என்று எண்ணிப் பாருங்கள்.

கறுப்புப்பட்டை
சனி, காலை 10:50
ஜான் கானி என்றால் ப்ளாக் பேந்தர் படத்தில் வக்காண்டா ராஜாவாக வந்தாரே, அவரா?

டபுள்ஃபீச்சர்
சனி, காலை 10:51
அவரேதான். கரிசல் அவர்களே, வசனத்தை எண்ணச் சொல்கிறீர்கள், சரி. அந்த நடையின் கடைசியில் க்ரூகர் யாருக்காகச் சாகிறார்? அதை விட்டுவிட்டுப் பேசினால் எப்படி?

அருண்87
சனி, காலை 11:15
அய்யா, நான் இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை. வெட்டு எங்கே என்று முன்னும் பின்னும் ஓட்டித்தான் பார்த்தேன். யார் யார் சாகிறார்கள் என்று சொல்லாமல் சண்டை போட முடியுமா? நாளை மாலைக்கு என்ன செய்ய வேண்டும், அதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

பழையரீல்
சனி, காலை 11:40
ப்ளூ-ரே வாங்குங்கள். அதில் 24 சட்டத்திலேயே ஓடும். ஆனால் மச்சானிடம் சொல்லி லண்டனிலிருந்து வரவழைத்தால் அது பி மண்டலமாக (எந்த நாட்டு ப்ளேயரில் ஓடலாம் என்று தட்டில் வைக்கும் பூட்டு) இருக்கலாம், நம் ஊர் ப்ளேயர் சி மண்டலம். டிவிடியிலும் அவர்களுக்கு 2, நமக்கு 5. உங்கள் டிவிடி ஓடுகிறது என்றால் ப்ளேயர் மண்டலம் பார்க்காத ரகம், ப்ளூ-ரேயில் அந்த அதிர்ஷ்டம் எல்லோருக்கும் இருக்காது.

இடைவேளை
சனி, காலை 11:46
நாளை மாலை என்கிறார்.

சுருதிப்பெட்டி
சனி, மதியம் 12:30
அருண், மடிக்கணினியில் டிவிடி டிரைவ் இருந்தால் போதும். வி.எல்.சி. என்ற படம் ஓட்டும் மென்பொருளில் தட்டைப் போட்டு வேகத்தை 0.96 வையுங்கள். முக்கியமான விஷயம்: அமைப்புகளில் ஒலிப் பகுதியில் "டைம் ஸ்ட்ரெச்சிங்" என்று ஒரு கட்டம் டிக் ஆகியிருக்கும், அதை எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் வேகம் மட்டும் குறையும், சுருதி ஏறியபடியே நிற்கும். எடுத்துவிட்டால் பர்ட்டன் கிணற்றுக்குத் திரும்பிவிடுவார். அப்புறம் எச்.டி.எம்.ஐ. வயர் போட்டு டிவியில் காட்டுங்கள். விண்டோஸ் மண்டலத்தை மாற்றச் சொல்லிக் கேட்டால் யோசித்துச் சொடுக்குங்கள், டிரைவில் 5 முறைதான் மாற்ற முடியும். பெரும்பாலும் கேட்காது.

மதியக்காட்சி
சனி, மதியம் 12:41
அப்பா பார்த்த காலத்தில் தியேட்டரில் 24-ல் ஓடியது. வீட்டில் கேசட்டில் பார்த்தவர்கள் எல்லாம் நம் நாட்டிலும் பால் முறையில் வேகமாகத்தான் பார்த்திருக்கிறோம். நான் நான்கு தடவை பார்த்தேன். அப்படியானால் எனக்கு இந்தப் படத்தில் 20 நிமிடத்துக்கு மேல் பாக்கி.

அருண்87
ஞாயிறு, இரவு 10:20
0.96 வைத்தேன், அந்த டிக்கையும் எடுத்தேன். 7:30-க்குப் போட்டது, சுவர்க் கடிகாரத்தில் 9:44-க்கு முடிந்தது. சுருதிப்பெட்டிக்கும் டொராண்டோ தம்பிக்கும் நன்றி.

பழையரீல்
ஞாயிறு, இரவு 10:32
நடுவில் ஒரு தடவைகூட நிறுத்தவில்லையா? நிறுத்தியிருந்தால் கணக்கு தப்பு.

அருண்87
ஞாயிறு, இரவு 10:40
ஒரு தடவை காபிக்கு நிறுத்தலாமா என்று கேட்டேன், அப்பா கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டார்.

கரிசல்
ஞாயிறு, இரவு 10:58
டபுள்ஃபீச்சர், எண்ணிவிட்டேன். பதில் தனியாக எழுதுகிறேன்.

ரீவைண்ட்
செவ்வாய், காலை 7:05
எனக்கும் இதே பிரச்சினை, வேறு படம். 0.96 வைத்தும் சரியாகவில்லை. உதவுங்கள்.

இடைவேளை
செவ்வாய், காலை 7:09
என்ன படம்? டிவிடியா, ப்ளூ-ரேயா? எங்கே வாங்கியது?