புது ஊரில் முதல் நாள்: மெட்ரோவா, பஸ்ஸா?

சுரங்கவாசி:
பெரிய நகரத்துக்கு முதல்முறையா கிளம்புறவங்க கேக்குறது ஒரே கேள்விதான்: "அங்க எதுல சுத்துறது?" என் பதில் எப்பவும் மெட்ரோ. ஊர் பிடிபடுற வரைக்கும் பஸ் பக்கம் தலைவச்சுப் படுக்காதீங்க.

காரணம் இருக்கு. ரயில் எங்க போகும்னு தண்டவாளம் போட்ட அன்னிக்கே முடிவாயிடுச்சு. திசை ரெண்டே ரெண்டு. கடைசி ஸ்டேஷன் பேர் தெரிஞ்சா எந்தப் பிளாட்பாரத்துல நிக்கணும்னு தெரிஞ்சிடும். தப்பா இறங்கினாலும் ஒரு கூரைக்குக் கீழ, வரைபடம் ஒட்டின சுவருக்குப் பக்கத்துலதான் நிக்கிறீங்க.

பஸ் அப்படியா? ஒரே பேருல ஸ்டாப் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, பெரிய சந்திப்புன்னா முனைக்கு ஒண்ணு. ஏறுற கதவே ஊருக்கு ஊர் மாறுது. டோக்கியோவின் மத்திய வட்டாரங்கள்ல ஓடுற டோஎய் பஸ்ல முன்னாடி ஏறி அப்பவே காசு. கியோட்டோ நகர பஸ்ல பெரும்பாலும் பின்னாடி ஏறி, இறங்குறப்ப முன்னாடி காசு. சிங்கப்பூர்ல இறங்கும்போதும் கார்டைத் தட்டணும், மறந்தா அந்தப் பஸ் போற தூரம் முழுக்கக் கட்டணம் பிடிச்சுப்பாங்க. லண்டன்ல இறங்கும்போது தட்டவே வேண்டாம். பெட்டியும் கையுமா, பின்னாடி வரிசை முறைச்சுக்கிட்டு நிக்கும்போது இதையெல்லாம் கத்துக்கணுமா?

மறுக்கிறவங்க வரலாம்.

மேல்தளம்:
வந்துட்டேன்ணே. நீங்க கும்பிடுற அந்தச் சுவர் வரைபடத்துல இருந்தே ஆரம்பிப்போம். லண்டன் பாதாள ரயிலுக்கு ஹாரி பெக் 1931ல வரைஞ்சு, 1933ல மக்கள் கைக்கு வந்த வரைபடம்தான் இன்னிக்கு உலகத்துல பாதி மெட்ரோவுக்கு முன்மாதிரி. எல்லாக் கோடும் படுக்கையா, செங்குத்தா, இல்லன்னா 45 டிகிரி சாய்வா இருக்கும். பார்க்க அழகு. ஆனா அதுல தூரம்னு ஒண்ணு கிடையாது. நெருக்கமான நடு ஊரை இழுத்து அகலமாக்கி, புறநகரைச் சுருக்கி வச்சிருக்கார் மனுஷன்.

விளைவு என்ன? கோவென்ட் கார்டனுக்கும் லெஸ்டர் ஸ்கொயருக்கும் நடுவுல சுமார் 260 மீட்டர்தான். வரைபடத்துல மத்த ஸ்டேஷன் மாதிரியே இடைவெளி. வெளியூர்க்காரர் என்ன பண்றார்? காசு கொடுத்து லிஃப்ட்ல பாதாளம் இறங்கி, ரயிலுக்குக் காத்திருந்து, ஒரு நிமிஷம்கூட ஓடாத ரயில்ல நின்னுக்கிட்டுப் போய், திரும்ப மேல வர்றார். கோவென்ட் கார்டன்ல லிஃப்ட் வரிசை நீளமா இருக்கேன்னு படியில இறங்கினா 193 படி, சுழல் படி. மேல தெருவுல நடந்திருந்தா எப்பவோ போயிருக்கலாம்.

//திசை ரெண்டே ரெண்டு//
இதை லண்டன் நார்தர்ன் லைன்ல போய்ச் சொல்லிப் பாருங்க. நடு ஊர்ல அது ரெண்டா பிரியும்: பேங்க்ங்கிற ஸ்டேஷன் வழியா ஒண்ணு, சேரிங் கிராஸ் ஸ்டேஷன் வழியா ஒண்ணு. பிக்காடிலி லைன் மேற்கே போய் ஆக்டன் டவுன்ல பிரியும், ஒரு கை ஹீத்ரோ விமான நிலையத்துக்கு, இன்னொரு கை அக்ஸ்பிரிட்ஜுக்கு. விமானத்துக்கு நேரமாச்சுன்னு ஓடிவந்து முதல்ல வந்த ரயில்ல ஏறினா கதை முடிஞ்சுது. எட்ஜ்வேர் ரோடுன்னு ஒரே பேருல ரெண்டு ஸ்டேஷன் வேற, உள்ளுக்குள்ள ஒண்ணுக்கொண்ணு தொடர்பே கிடையாது. நியூயார்க்ல பல ஸ்டேஷன்ல அப்டவுனுக்கு, அதாவது வடக்கே போக, ஒரு வாசல், டவுன்டவுனுக்கு, அதாவது தெற்கே போக, எதிர்த்தாப்புல ஒரு வாசல். கார்டைத் தட்டி உள்ள போனப்புறம்தான் தப்பான பக்கம்னு தெரியும். எக்ஸ்பிரஸ்ல ஏறிட்டா நம்ம ஸ்டேஷன் ஜன்னல்ல கண்ணெதிர்ல ஓடிப்போகும்.

சுரங்கவாசி:
தம்பி, வரைபடத்தைக் குறை சொல்றது சுலபம். அதோட வேலை எங்க மாறணும்னு காட்டுறது, எவ்வளவு நடக்கணும்னு காட்டுறது இல்ல. அந்தக் குறையும் தெரிஞ்சுதான் லண்டன் போக்குவரத்து நிர்வாகமே 2015ல ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நடந்தா எத்தனை நிமிஷம்னு தனி வரைபடம் போட்டுது. ஒரு லைன் பிரியுதுன்னா ரயில் நெத்தியிலயும் பிளாட்பாரப் பலகையிலயும் கடைசி ஊர் எழுதியிருக்கும். படிச்சா போதும். பஸ்ஸோட நெத்தியில இருக்கிற எண்ணை வச்சு அது எந்தத் தெரு வழியா போகும்னு எந்த வெளியூர்க்காரர் சொல்லிடுவார்? ரோட்ல ஊர்வலம்னா பஸ் பாதை மாறும். சுரங்கத்துல ஊர்வலம் வராது.

மேல்தளம்:
வேலைநிறுத்தம் வரும்ணே :)

லண்டன் பஸ்ல அடுத்த ஸ்டாப் பேரை வாயாலயும் சொல்றான், திரையிலயும் போடுறான். ஒரு மணி நேரத்துக்குள்ள எத்தனை பஸ் மாறினாலும் ஒரே கட்டணம். எல்லாத்துக்கும் மேல, ஊரைப் பார்க்கத்தானே போனோம்? பாதாளத்துல போனவனுக்கு ஊர்ங்கிறது தொடர்பே இல்லாத நாலஞ்சு தீவு. ஒவ்வொரு இடத்துலயும் நிலத்துக்கு அடியில இருந்து முளைக்கிறான், படம் எடுக்குறான், திரும்ப உள்ள போயிடுறான். ஆத்துக்கு எந்தக் கரையில நிக்கிறோம்னு கேட்டா முழிப்பான்.

கணக்குப்பிள்ளை:
ரெண்டு பேரும் சண்டையை நடத்துங்க, நான் காசு விஷயத்தைச் சொல்லிட்டுப் போறேன். இதுலதான் வெளியூர்க்காரங்க நிஜமாவே ஏமாறுறாங்க.

விமான நிலையத்துல "சுற்றுலாப் பயணி பாஸ்"னு வண்ண அட்டையில விக்கிறதை உடனே வாங்காதீங்க. லண்டன்ல பஸ் 2012 கடைசியில இருந்தும் பாதாள ரயில் 2014ல இருந்தும் சாதாரண வங்கி கார்டையே ஏத்துக்குது. ஒரு நாளைக்கு உச்சவரம்பு உண்டு, திங்கள் முதல் ஞாயிறு வரை வார வரம்பும் உண்டு. அதுக்கு மேல எவ்வளவு சுத்தினாலும் பிடிக்க மாட்டாங்க. பாஸோட வேலையைக் கார்டே பார்த்துடும். ஒரு நிபந்தனை: நாள் முழுக்க ஒரே கார்டு. காலையில பிளாஸ்டிக் கார்டு, மத்தியானம் அதே கார்டைப் போன்ல காட்டினா ரெண்டு ஆளுன்னு கணக்கு, வரம்பும் ரெண்டா உடைஞ்சிடும். கணவன், மனைவி ஒரே கார்டுல போகவும் முடியாது. காசை நம்பி பஸ் ஏறாதீங்க, 2014 ஜூலையிலயே லண்டன் பஸ்ல ரொக்கம் நின்னுபோச்சு.

டோக்கியோ வேற கதை. அங்க "சுரங்க ரயில்"னா ஒரே நிறுவனம் இல்ல. டோக்கியோ மெட்ரோ ஒண்ணு, டோஎய் ஒண்ணு. தரைமேல ஓடுற ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) மூணாவது. வெளியூர்க்காரங்களுக்கான 24, 48, 72 மணி நேரச் சுரங்க ரயில் டிக்கெட் முதல் ரெண்டுக்கும் செல்லும், ஜேஆருக்குச் செல்லாது. ஊரைச் சுத்தி வட்டமடிக்கிற யாமனோட்டே லைன் ஜேஆர். நீங்க தங்கியிருக்கிற இடம் யாமனோட்டே ஸ்டேஷன் பக்கத்துல மட்டும்தான்னா அந்த டிக்கெட்டால பெரிய லாபம் இல்ல. நல்ல விஷயம், அது நாள் கணக்கு இல்ல, மணிக் கணக்கு. முதல்ல வாசல்ல போட்ட நேரத்துல இருந்து ஓடும். சாயங்காலம் இறங்கினவங்க அன்னிக்கே தொடங்கினாலும் மறுநாள் சாயங்காலம் வரைக்கும் வரும்.

பாரிஸ்ல 2025 ஜனவரியில இருந்து மெட்ரோவுக்கும் ரயிலுக்கும் ஒரு டிக்கெட், பஸ்ஸுக்கும் டிராமுக்கும் வேற டிக்கெட். மெட்ரோ டிக்கெட்டை வச்சு பஸ்ல ஏற முடியாது. விமான நிலையத்துக்கு வேற டிக்கெட். பழைய பயணக் குறிப்பைப் படிச்சுட்டுப் போறவங்க மாட்டிக்கிற இடம் இதுதான்.

ராக்கோழி:
பெர்லினை விட்டுட்டீங்களே! அங்க ஸ்டேஷன்ல கதவே கிடையாது, நேரா நடந்து ரயில் ஏறலாம். கதவு இல்லன்னா கட்டணம் இல்லன்னு அர்த்தம் இல்ல. காகித டிக்கெட் வாங்கினா பயணத்துக்கு முன்னாடி பிளாட்பாரத்துல இருக்கிற பெட்டியில முத்திரை குத்தணும். டிக்கெட் கையில இருந்தும் முத்திரை இல்லாததால அபராதம் கட்டுறவங்க வெளியூர்க்காரங்கதான். சாதாரண உடையில வர்ற பரிசோதகர்கிட்ட "எனக்குத் தெரியாது" எடுபடாது.

அப்புறம் சுரங்கவாசி அண்ணே, ராத்திரி என்ன பண்ணுவீங்க? டோக்கியோல நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்துல எல்லாம் படுத்துடும், காலை அஞ்சு மணி வாக்குலதான் எழும்பும். லண்டன்ல இரவு ரயில் 2016ல வந்துது, அதுவும் வெள்ளி, சனி மட்டும், சில லைன்ல மட்டும். மத்த நாள் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது நீங்க தலைவச்சுப் படுக்காதேன்னு சொன்ன அதே பஸ்தான்.

சுரங்கவாசி:
நியூயார்க் 24 மணி நேரமும் ஓடுது, அதைச் சொல்ல மனசு வரலையா? ராத்திரி பஸ் வேணும்னா வேணும்தான். நான் பேசுறது முதல் நாள் பகல்ல வந்து இறங்குற ஆளைப் பத்தி. முதல் நாளே ராத்திரி ரெண்டு மணிக்குச் சுத்துறவருக்கு என் அறிவுரை தேவைப்படாது.

மூட்டைமுடிச்சு:
இவ்வளவு நேரம் படிச்சேன். இங்க பேசுற எல்லாருக்கும் முழங்கால் நல்லா இருக்கு போல. நான் அம்மாவோடதான் பயணம் போவேன். சக்கர நாற்காலி எப்பவும் வேண்டாம், ஆனா படிக்கட்டு வேண்டவே வேண்டாம்.

பாரிஸ் மெட்ரோ 1900ல திறந்தது. சக்கர நாற்காலியோட முழுசா போகக்கூடியது 1998ல வந்த 14ஆம் லைன் ஒண்ணுதான். லண்டன் பாதாள ரயில்ல 272 ஸ்டேஷன், படி இல்லாமப் போகக்கூடியது சுமார் மூணுல ஒரு பங்கு. "மெட்ரோ சுலபம்"னு சொல்றவர் யாருக்குச் சுலபம்னும் சொல்லணும். லண்டன் பஸ் அத்தனையும் தாழ்தளம், சரிவுப்பலகை இறக்குவாங்க. எனக்கு விவாதம் அங்கயே முடிஞ்சுபோகுது.

மேல்தளம்:
அக்கா +1. நம்ம கட்சிக்கு ஒரு ஓட்டு.

மூட்டைமுடிச்சு:
இல்ல தம்பி, உங்க கட்சியும் இல்ல. ஆபீஸ் நேரத்துல ரெண்டு பெட்டியோட ஒரு பஸ்ல ஏறிப் பாருங்க, அப்புறம் பேசலாம். அந்த நேரத்துல புதுசா கட்டின மெட்ரோ லைன் கிடைச்சா அதுதான் சொர்க்கம். லைன் எந்த வருஷம் கட்டினதுன்னு பாருங்க. புதுசுன்னா பெரும்பாலும் லிஃப்ட் இருக்கும், நடைமேடைக்கும் ரயிலுக்கும் இடைவெளி கம்மியா இருக்கும். பழசுன்னா ஸ்டேஷன் ஸ்டேஷனா விசாரிக்கணும்.

லிஃப்ட் இருக்குங்கிற அடையாளத்தைப் பார்த்துட்டு மட்டும் நம்பாதீங்க. டோக்கியோ ஷின்ஜுகு ஸ்டேஷனுக்கு 200க்கு மேல வாசல். லிஃப்ட் அதுல சிலதுலதான். எந்த வாசல்னு தெரியாம இறங்கினா அம்மாவை உக்கார வச்சுட்டு நான்தான் ஓடணும். ஸ்டேஷன் பேரைவிட வாசல் எண் முக்கியம். இதை யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க.

புதுசு:
எல்லாருக்கும் வணக்கம். எதுக்கு இவ்வளவு குழப்பம்? போன்ல மேப் போட்டா அதுவே சொல்லிடுதே, எந்த ரயில், எந்த பஸ், எத்தனை மணிக்குன்னு?

கணக்குப்பிள்ளை:
சொல்லும். 2005ல கூகுள் போர்ட்லாண்ட் நகரத்துப் போக்குவரத்து நிறுவனத்தோட கால அட்டவணையை வாங்கிப் போட்டு ஆரம்பிச்ச விஷயம் அது. இன்னிக்கும் அடிப்படை அதேதான். அந்த ஊர் நிறுவனம் கொடுக்கிற தகவல் எவ்வளவு சரியோ, செயலி சொல்றதும் அவ்வளவு சரி. சின்ன பஸ் நிறுவனம் அட்டவணையே கொடுக்கலைன்னா, உங்க கண்ணு முன்னாடி நிக்கிற பஸ்கூட போன்ல இருக்காது.

மூட்டைமுடிச்சு:
செயலிக்கு நிமிஷம் தெரியும், மூச்சு வாங்குறது தெரியாது. நாலு நிமிஷம் மிச்சம்னு மூணு இடத்துல மாறச் சொல்லும். "குறைவான மாற்றம்", "குறைவான நடை", "சக்கர நாற்காலி"ன்னு தெரிவுகள் உள்ள ஒளிஞ்சிருக்கும், முதல் வேலையா அதை மாத்துங்க. ஒரே ரயில்ல பதினஞ்சு நிமிஷம் கூட உக்காந்து போனா ஒண்ணும் குறைஞ்சிடாது.

மேல்தளம்:
சுரங்கத்துல சிக்னல் போனா செயலி என்ன பண்ணும்னும் அண்ணன் சொல்லணும்.

சுரங்கவாசி:
ஏறுறதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ஷாட் எடுக்கணும். பஸ்ல போற நீங்க ஜன்னல்ல வேடிக்கை பார்த்துட்டு ஸ்டாப்பை விடுவீங்க, அதுக்கு என்ன செயலி?

புதுசு:
சரி, நேராவே கேக்குறேன். அப்பா அம்மாவோட டோக்கியோ போறேன், ரெண்டு பேருக்கும் அறுபத்தஞ்சு தாண்டிடுச்சு. பாஸ் வாங்கவா, வேண்டாமா?

கணக்குப்பிள்ளை:
முதல்ல சுய்கா அல்லது பாஸ்மோ, அதாவது முன்னாடியே காசு ஏத்தி வச்சுத் தட்டுற கார்டு, ஆளுக்கு ஒண்ணு. ரெண்டுல எது இருந்தாலும் மெட்ரோ, ஜேஆர், பஸ் எல்லாத்துக்கும் செல்லும். 2013ல இருந்து மத்த பெரிய நகரங்கள்லயும் பெரும்பாலும் செல்லும். சுரங்க ரயில் நிறைய மாறுற நாளுக்கு மட்டும் 24 மணி நேர டிக்கெட்.

சுரங்கவாசி:
அது சரி. ஆனா ஓஎடோ லைனைக் கொஞ்சம் யோசிச்சு எடுங்க. ரொப்பொங்கி ஸ்டேஷன்ல அதோட ஒரு பிளாட்பாரம் தரைக்கு 42 மீட்டர் கீழ. எஸ்கலேட்டர் இருக்கு, ஆனா மேல வந்து சேரவே நேரமாகும்.

மேல்தளம்:
இதை நானா சொன்னேன்? அண்ணனே சொல்றார், குறிச்சுக்குங்க.

மூட்டைமுடிச்சு:
புதுசு, இவங்களை விடுங்க. அறை போட்டுட்டீங்களா? போடலைன்னா அதுதான் முதல் வேலை. எல்லாரும் அறையை வாடகை பார்த்துப் போட்டுட்டு, அப்புறம் மெட்ரோவா பஸ்ஸான்னு இங்க வந்து கேக்குறாங்க. "ஸ்டேஷன்ல இருந்து அஞ்சு நிமிஷ நடை"ன்னு போட்டிருந்தா எந்த வாசல்ல இருந்துன்னு ஹோட்டலுக்கு எழுதிக் கேளுங்க. அந்த வாசல்ல லிஃப்ட் இருக்கான்னு கேளுங்க. விமான நிலையத்துல இருந்து வர்ற ரயிலோ பஸ்ஸோ மாறாம அங்க வருமான்னு பாருங்க. ஹோட்டல் வாசலுக்கே வர்ற விமான நிலைய பஸ் இருந்தா, கட்டணம் கொஞ்சம் கூடன்னாலும் முதல் நாள் அதுலயே போங்க.

புதுசு:
அறை போட்டாச்சு அக்கா. ஷின்ஜுகு. வாசல் எண் எதுன்னு இப்பதான் கேட்டு மின்னஞ்சல் போட்டிருக்கேன்.

மேல்தளம்:
200 வாசல் ஸ்டேஷனா! வாழ்த்துகள் :) பதில் வந்தா இங்க போடுங்க, பக்கத்துல எந்த பஸ் ஸ்டாப்னு நான் தேடித் தர்றேன்.

சுரங்கவாசி:
எந்த லைன்னு நான் சொல்றேன். பஸ் எண்ணை மனப்பாடம் பண்ண வேண்டாம்.