11 ஃபோல்டர்ல இருக்கற பம்ப் ஸ்டார்ட்டர் கோடை ஒரே ப்ராடக்ட் லைனா மாத்தறேன், ஃபீச்சர் மாடல்ல 4 ஃபீச்சர் டெட்னு வருது, உதவுங்க

கோவை_எம்ஈ:
வணக்கம்ங்க. எம்.ஈ. கடைசி வருச ப்ராஜெக்ட். ஊர்ல ஒரு சின்ன கம்பெனி, தோட்டத்து மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் கன்ட்ரோலர் பண்றாங்க. கோடு எல்லாம் சி-தான். புது டீலர் வந்து வேற மாதிரி வேணும்னா பழைய ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணி அதுல மாத்திக் குடுத்துருவாங்க, இப்படியே 11 ஃபோல்டர் ஆகிப்போச்சு. போன மாசம் ட்ரை ரன் கட்-ஆஃப்ல ஒரு தப்பு கண்டுபிடிச்சு 7 ஃபோல்டர்ல சரி பண்ணினாங்க, மீதி 4-ல விட்டுப்போச்சு, கிணத்துல தண்ணி இல்லாம மோட்டார் ஓடி காயில் கருகி ஒரு விவசாயி வந்து நின்னாரு. அதைப் பாத்துட்டுத்தான் ப்ராடக்ட் லைன், அதாவது ஒரே கோடுல இருந்து வேணுங்கற ஃபீச்சரை மட்டும் எடுத்து எல்லா மாடலையும் பண்ற முறைன்னு, இந்தத் தலைப்பையே எடுத்தேன்.

ஃபீச்சர்ஐடிஇ-ங்கற டூல்ல 27 ஃபீச்சரோட ஃபீச்சர் மாடல் வரைஞ்சேன், எந்தெந்த ஃபீச்சர் சேந்து வரலாம்னு காட்டற மரம் அது. ப்ளூடூத், ஆப் பேரிங், ஆர்எஃப் ரிமோட், வயர் பேனல் நாலும் டெட்ங்குது (எந்த ப்ராடக்ட்லயும் வரவே முடியாதாம்), ஜிஎஸ்எம்-ஐ ஃபால்ஸ் ஆப்ஷனல்ங்குது. ஆனா ப்ளூடூத் மாடல் நிஜமாவே வித்துட்டு இருக்காங்களே! ரெண்டு நாளா முட்டிட்டு இருக்கேன்.

பழைய_கம்பைலர்:
மரத்துல இணைப்பு குரூப் எப்படி இருக்கு, குறுக்குல என்னென்ன கண்டிஷன் போட்டீங்க, அதைச் சொல்லுங்க தம்பி.

கோவை_எம்ஈ:
இணைப்புங்கறதுக்குக் கீழ ஜிஎஸ்எம், ப்ளூடூத், ஆர்எஃப், வயர் பேனல் நாலும் ஆல்டர்நேட்டிவ், நாலுல ஒண்ணுதான் எடுக்க முடியும். ப்ளூடூத்துக்குக் கீழ ஆப் பேரிங். எஸ்எம்எஸ் தகவல் மேன்டேட்டரி. கண்டிஷன் ஒண்ணே ஒண்ணு, எஸ்எம்எஸ் இருந்தா ஜிஎஸ்எம் வேணும்.

பழைய_கம்பைலர்:
அங்கதான் மாட்டிக்கிச்சு. எஸ்எம்எஸ் மேன்டேட்டரின்னா எல்லா ப்ராடக்ட்லயும் அது இருந்தே ஆகணும், அது இருந்தா ஜிஎஸ்எம் இருந்தே ஆகணும், ஆல்டர்நேட்டிவ்ல ஒண்ணு வந்துட்டா மத்த மூணுக்கும் இடமில்ல, ப்ளூடூத் போனா அதும்மேல தொங்கிட்டு இருக்கற ஆப் பேரிங்கும் போச்சு. மொத்தம் நாலு, கணக்கு சரியா வருதா? ஜிஎஸ்எம் ஃபால்ஸ் ஆப்ஷனல்னு வர்றதும் அதே காரணம்தான், பாக்கறதுக்கு வேணும்னா எடுத்துக்கற மாதிரி இருக்கு, ஆனா எடுக்காம இருக்க வழியே இல்ல. கண்டிஷனை எல்லாம் சரிபாக்கற சாட் சால்வர் பொய் சொல்லல. அந்த டெட் ஃபீச்சர் மேல மவுஸை வச்சுப் பாருங்க, எந்த கண்டிஷன்கள் சேந்து அதைக் கொன்னுச்சுன்னு அதுவே காட்டும்.

எஸ்எம்எஸ்-ஐ ஏன் மேன்டேட்டரி ஆக்கினீங்க?

கோவை_எம்ஈ:
முதல்ல திறந்து பாத்த 3 ஃபோல்டர்லயும் எஸ்எம்எஸ் இருந்துச்சுங்க அண்ணா, அதனால எல்லாத்துலயும் இருக்கும்னு நெனச்சுட்டேன்.

பழைய_கம்பைலர்:
இது எல்லாரும் பண்றதுதான். 1990-ல க்யோ காங்கும் கூட இருந்தவங்களும் அமெரிக்காவுல எஸ்ஈஐ-ங்கற சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் இன்ஸ்டிட்யூட்ல ஃபோடா (ஃபீச்சர்-ஓரியன்டட் டொமைன் அனாலிசிஸ்) அறிக்கை போட்டப்பவே ஃபீச்சர் மாடலை டொமைன் அனாலிசிஸ்னுதான் வச்சாங்க. கையில சிக்கின கோடுல என்ன இருக்குன்னு மட்டும் பாத்தா பத்தாது, இந்த வகை சாமானுக்கு எது இல்லாம முடியாதுன்னு கேக்கணும். மோட்டாரை ஆன் ஆஃப் பண்றது மேன்டேட்டரி, சிங்கிள் ஃபேஸ் ஆனா ட்ரிப் ஆகறது அனேகமா மேன்டேட்டரி. எஸ்எம்எஸ் அப்படி இல்ல.

மரத்தைத் திருத்தினதும் அந்த 11 ப்ராடக்ட்டையும் ஒவ்வொரு கான்ஃபிகரேஷனா மாடல்ல ஏத்திப் பாருங்க. வித்துட்டு இருக்கற ப்ராடக்ட்டையே மாடல் ஏத்துக்கலன்னா தப்பு மாடல்லதான். தீசிஸ்ல இதை ஒரு அட்டவணையா போடலாம், நல்லா எடுபடும்.

இஃப்டெஃப்_பாதிக்கப்பட்டவர்:
மாடல் சரியானப்புறம் கோடுல ஒரு பள்ளம் இருக்கு, அதையும் பாத்துக்கங்க. ஒரு பேரு டிஃபைன் ஆகியிருந்தா மட்டும் கோடைச் சேக்கற இஃப்டெஃப்-ல பேரை ஒரு எழுத்து தப்பா அடிச்சா கம்பைலர் வாயே திறக்காது, அந்தக் கோடு சத்தமில்லாம காணாமப் போயிரும், உங்க ட்ரை ரன் கட்-ஆஃப் மாதிரி இடத்துல இது நடந்தா மறுபடியும் ஒரு மோட்டார் போகும். லினக்ஸ் கெர்னல்லயே இது நடந்திருக்கு, எர்லாங்கன் பல்கலைக்கழகத்துக்காரங்க கெர்னலோட ஆப்ஷன்களை எழுதி வச்சிருக்கற கேகான்ஃபிக்கையும் கோடையும் ஒப்பிட்டுப் பாத்து 2.6.35-ல ஆயிரத்துக்கு மேல பொருந்தாத இடம் கண்டுபிடிச்சு 2011-ல எழுதினாங்க.

நான் பண்றது என்னன்னா, எல்லா ஃபீச்சரையும் ஒரே ஹெடர்ல 0 இல்லன்னா 1-னு டிஃபைன் பண்ணிட்டு, இஃப்டெஃப்-க்கு பதிலா வெறும் இஃப் போட்டு, ஜிசிசி கம்பைலர்ல அண்டெஃப் வார்னிங்கை (டிஃபைன் ஆகாத பேரு வந்தா சொல்றது) ஆன் பண்ணி அதை எரராவே ஆக்கிருவேன். அப்ப பேரு தப்புன்னாலும் சரி, ஹெடரை இன்க்ளூட் பண்ண மறந்தாலும் சரி, பில்டு நின்னுரும்.

தங்கச்சிமகள்_டெஸ்டர்:
டெஸ்ட் பத்தி யாரும் சொல்லலையே. ஒண்ணுக்கொண்ணு கட்டுப்படாத 22 ஆப்ஷன் இருந்தாலே 41,94,304 ப்ராடக்ட் வரும், 33 ஆச்சுன்னா உலகத்துல ஆளுக்கு ஒண்ணு குடுத்தும் மிச்சம் இருக்கும். எல்லாத்தையும் ஓட்ட முடியாது. ஃபீச்சர்ஐடிஇ-லயே டி-வைஸ் சாம்பிளிங் இருக்கு, டெஸ்ட்டுக்கு கொஞ்சம் ப்ராடக்ட்டை மட்டும் பொறுக்கிக் குடுக்கும், 2-னு வச்சீங்கன்னா எந்த ரெண்டு ஃபீச்சர் சேந்தாலும் எங்கயாவது ஒரு தடவை டெஸ்ட் ஆகிரும். ஆனா நிஜமா விக்கற 11-ஐ கண்டிப்பா தனியா ஓட்டுங்க, சாம்பிள்ல அது வரும்னு நம்பி விட்டுறாதீங்க.

அப்புறம் 11 ஃபோல்டரையும் ஒரே நாள்ல சேக்கணும்னு கெளம்பாதீங்க. ரொம்ப ஒத்துப்போற ரெண்டை எடுத்து டிஃப் போட்டு சேருங்க, அது ஓடினப்புறம் மூணாவது. கம்பெனிக்காரங்க நடுவுல டெலிவரி குடுத்துட்டே இருக்கணும்ல.

கோவை_எம்ஈ:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. எஸ்எம்எஸ்-ஐ ஆப்ஷனல் ஆக்கினதும் நாலு டெட்டும் போயிருச்சு. 11-ஐயும் ஏத்திப் பாத்தேன், 9 ஏறுச்சு, 2 ஏறல. ரெண்டுலயும் ஜிஎஸ்எம்மும் ஆர்எஃப் ரிமோட்டும் சேந்து இருக்கு, வீட்டுக்கிட்ட இருந்தா ரிமோட், வெளியூர் போனா ஃபோனாம், பெரியவர் ஒருத்தர் கேட்டு வாங்கினதுன்னு கம்பெனில சொன்னாங்க. அப்ப ஆல்டர்நேட்டிவே தப்பு, ஒண்ணோ அதுக்கு மேலயோ எடுக்கலாம்ங்கற ஆர் குரூப்பா மாத்தினேன், 11-ம் ஏறிருச்சு. அண்டெஃப் வார்னிங்கை முதல் ஜோடி ஃபோல்டர்ல போட்டதும் ஸ்டார்-டெல்டா டைமர்ல ஒரு பேரு தப்பா இருந்தது சிக்குச்சு, நாளைக்கு போர்டுல போட்டுப் பாக்கணும்.