வீட்டுக்கல்வியில் இருக்கும் 15 வயது மகளுக்கு எந்த இசை ரசனைப் பாடம்?

பிறை அம்மா:

வணக்கம். பினாங்கில், பிறை என்ற ஊரில் இருக்கிறோம். மகளுக்கு 15 வயது, மூன்று வருடமாக வீட்டுக்கல்விதான். அமெரிக்கப் பாடத்திட்டம் எடுத்திருப்பதால் மதிப்பெண் பட்டியலில் கலைக்கு ஒரு கிரெடிட் காட்ட வேண்டும். ஓவியம் அவளுக்கு ஒத்துவரவில்லை, இசை ரசனை எடுக்கிறேன் என்று அவளே சொன்னாள்.

முன்கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒன்பது வயதில் வயலின் சேர்த்தோம், பிரிட்டன் இசைத் தேர்வு வாரியமான ஏபிஆர்எஸ்எம்மில் கிரேடு 3 வரை போனாள். வருடம் முழுக்க தேர்வுக்கான அதே மூன்று உருப்படிகள்தான், வேறு எதையும் அந்த வகுப்பில் காதில் போடவில்லை. சான்றிதழ் வந்த அன்று வயலின் பெட்டியை அலமாரிக்கு மேலே தூக்கி வைத்தவள் இன்றுவரை இறக்கவில்லை.

போன மாதம் ஒருநாள் மின்னல் எஃப்எம் ஓடிக்கொண்டிருந்தது. தட்டு கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றாள். "அம்மா, பாட்டுக்குக் கீழே இன்னொரு பாட்டு ஓடுது, கேக்குதா?" என்றாள். எனக்குக் கேட்கவில்லை. ஈரக்கையைக் காற்றில் நீட்டி, பாடகி மேலே ஏறும்போது பேஸ் கிதார் கீழே இறங்குவதை விரலால் காட்டினாள். இரண்டாவது சரணம் வந்தபோதுதான் எனக்கும் பிடிபட்டது. இந்தக் காதுக்கு எந்தப் பாடம் சரிவரும்? அவளைத் திரும்பவும் தேர்வுக்குள் தள்ள எனக்கு விருப்பமில்லை.

செந்தூல் அப்பா:

யோசிக்கவே வேண்டாம் சிஸ்டர், யேல் பல்கலைக்கழகம் இணையத்தில் தரும் ஓப்பன் யேலில் கிரெய்க் ரைட் நடத்தும் இசை கேட்கும் பாடத்தை எடுங்கள். 2008இல் யேல் பல்கலைக்கழக வகுப்பறையிலேயே பதிவு செய்தது, 23 விரிவுரைகள், காசு கிடையாது. என் மகன் 16 வயதில் முடித்தான்.

அதில் எனக்குப் பிடித்தது அவர் தொடங்கும் விதம். பாக் எப்போது பிறந்தார், மொசார்ட் எப்போது இறந்தார் என்று ஆரம்பிக்க மாட்டார். முதலில் தாளம், அப்புறம் மெலடி, அப்புறம் ஹார்மனி. எட்டாவது விரிவுரை முழுக்க பேஸ் பற்றியது, ப்ளூஸுக்கும் ராக்குக்கும் அடியில் அது எப்படி ஓடுகிறது என்று காட்டுகிறார். உங்கள் மகள் குழாயை மூடிவிட்டுக் கேட்டது அதுதானே. இசையின் வடிவங்களைப் பழக்கிவிட்டுத்தான் பின்பாதியில் தேவாலயப் பாடல், பாக், ஆபரா, பெரிய சிம்பொனி என்று போகிறார்.

கிரெடிட் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ஒரு கிரெடிட்டுக்குப் பொதுவாக 120 மணி நேரம் என்று வைக்கிறார்கள். 23 விரிவுரைகளையும் பார்த்து முடித்தால்கூட 20 மணி நேரம்தான் வரும். மீதி நூறு மணி நேரம் கேட்பதிலும் எழுதுவதிலும் கச்சேரிக்குப் போவதிலும் கழிய வேண்டும். அதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், பின்னால் யாராவது கேட்டால் காட்டலாம். யேல் சான்றிதழ் எதுவும் தராது, அந்த எதிர்பார்ப்பு வேண்டாம்.

தவில் வீட்டுப் பிள்ளை:

அக்கா, நானும் உங்கள் பக்கம்தான், பட்டர்வொர்த். வெள்ளிக்கிழமைகளில் தவில் வாசிப்பவன். அண்ணன் சொன்ன பாடம் நல்ல பாடமாகவே இருக்கட்டும். ஆனால் அது மேற்கத்திய இசைக்கான பாடம். பினாங்கில் பிறந்த தமிழ்ப்பிள்ளை இசையை ரசிக்கப் பழகும் முதல் வருடத்தில் நாதஸ்வரம் என்ற சொல்லே வராது என்றால் அது எனக்கு வலிக்கிறது.

தண்ணீர்மலைக்குத் தைப்பூசத்துக்குப் போயிருப்பாள். உறுமியை எத்தனை முறை கேட்டிருப்பாள்! ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கிறார்கள், மறு முகத்தை அடிக்கிறார்கள், ஒரே கருவி முனகவும் செய்கிறது அதட்டவும் செய்கிறது. அந்தச் சத்தம் எப்படி வருகிறது என்று யாராவது அவளுக்குச் சொன்னார்களா? குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரத்துக்கும் சிலப்பதிகாரத்திலேயே பெயர் இருக்கிறது. தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் தமிழிசை ஆராய்ச்சியைப் பெரிய நூலாகவே போட்டார். இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு பீத்தோவனிடம் போகட்டுமே, யார் தடுத்தது?

செந்தூல் அப்பா:

தம்பி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் சிஸ்டர் கேட்டது ஒரு பாடம். பாடம் என்றால் முதல் வாரம் இது, இரண்டாம் வாரம் இது என்று வரிசை வேண்டும். கோயிலில் மேளம் கேட்பது நல்லதுதான், நாற்பது வருடமாக நானும் கேட்கிறேன். மல்லாரி என்றால் என்ன என்று என்னிடம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கேட்டுக்கொண்டே இருந்தால் தானாக வந்துவிடும் என்றால் எனக்கு வந்திருக்க வேண்டுமே. தமிழில் இப்படிப் படிப்படியாக, ஒரு பதின்ம வயதுப் பிள்ளை தனியே உட்கார்ந்து பார்க்கும் மாதிரி என்ன இருக்கிறது, சொல்லுங்கள். சும்மா கேட்கவில்லை, இருந்தால் என் சின்னவளுக்கே எடுப்பேன்.

தவில் வீட்டுப் பிள்ளை:

வீடியோவாக வரிசைப்படுத்தித் தர என்னிடம் இல்லை அண்ணே, அதை ஒத்துக்கொள்கிறேன். மல்லாரி என்னவென்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். சாமி புறப்பாட்டுக்கு வாசிப்பது. கம்பீரநாட்டை ராகம், வார்த்தையே கிடையாது, வெறும் சுரமும் தாளமும்தான். மெதுவாக ஆரம்பித்து அதையே வேகம் கூட்டி வாசிப்பார்கள். சம்பிரதாயமாக வாசிக்கிற கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும், சாமி சந்நிதியில் இருக்கிறதா, புறப்பட்டுவிட்டதா, வீதியில் போகிறதா என்று எங்கள் அப்பா மேளத்தை வைத்தே சொல்வார். ஒவ்வொரு கட்டத்துக்கும் வாசிப்பு வேறு. ஒரு பெரிய ஊர்வலம் முழுவதையும் காதாலேயே பார்க்க முடிகிறது என்றால் அதுவும் வரிசையான பாடம்தானே? புத்தகத்தில் இல்லாததால் பாடமில்லை என்று ஆகிவிடாது.

வயலின் டீச்சர்:

பிரிக்பீல்ட்ஸில் கர்நாடக வயலின் சொல்லித்தருகிறேன், 22 வருடமாக. இரண்டு பேரும் காதைப் பற்றியே பேசுகிறீர்கள், தொண்டையை விட்டுவிட்டீர்கள். பாடாத பிள்ளைக்கு ரசனை பாதிதான் வரும். மேடை ஏறும் அளவுக்கு வேண்டாம். கர்நாடக இசையின் முதல் பாடமான சரளி வரிசையை மூன்று மாதம் வாய்விட்டுப் பாடினால் போதும்.

ஏன் மாயாமாளவகௌளையில் ஆரம்பிக்கிறோம் தெரியுமா? 72 மேளகர்த்தாவில், அதாவது தாய் ராகங்களில், அது 15ஆவது. ச ரி க ம என்று ஏறும்போது என்ன இடைவெளியோ அதே இடைவெளிதான் ப த நி ச என்று ஏறும்போதும். கீழ்ப்பாதியைப் பாடிய தொண்டைக்கு மேல்பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். இதை நான் எழுதி நீங்கள் படித்தால் ஒன்றும் ஏறாது, பாடினால் அரை நிமிடத்தில் புரியும். 29ஆவது மேளமான தீரசங்கராபரணத்தைப் பாடச் சொல்லுங்கள், வயலின் வகுப்பில் வாசித்த மேஜர் ஸ்கேல் அதுதான் என்று அவளே கண்டுபிடிப்பாள்.

நம்முடையதா அவர்களுடையதா என்று சண்டை போடவே வேண்டியதில்லை. முத்துசாமி தீட்சிதர் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் பேண்ட் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார், நோட்டுஸ்வரம் என்று நாற்பது உருப்படிகள் வரை இருக்கின்றன. அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர்தான் வயலினையே நம் கச்சேரிக்குள் கொண்டுவந்தவர். சியாமா சாஸ்திரியும் பீத்தோவனும் காலமானது ஒரே வருடம், 1827. இருவரையும் ஒரே வாரத்தில் கேட்கட்டும். பல்லவி, அனுபல்லவி, மறுபடி பல்லவி, சரணம், மறுபடி பல்லவி என்று கிருதி திரும்பித் திரும்பி வருகிறதே, இந்தப் பழக்கம் இருக்கிற காதுக்கு, முதல் மெட்டே திரும்பத் திரும்ப வரும் மேற்கத்திய ரோண்டோ வடிவம் பிடிபட அதிக நேரம் ஆகாது.

செந்தூல் அப்பா:

டீச்சர், தீட்சிதர் விஷயம் எனக்குப் புதிது, நன்றி, என் மகனுக்கும் அனுப்பிவிட்டேன். ஆனால் பாடச் சொல்வதை நான் ஏற்கவில்லை. அந்தப் பிள்ளை ஒருமுறை சலித்துப்போய் வயலினை மேலே தூக்கி வைத்திருக்கிறது. இன்னொரு வகுப்பு, இன்னொரு டீச்சர், இன்னொரு சரியா தப்பா என்று ஆரம்பித்தால் இதையும் தூக்கி வைத்துவிடும். சமைக்கத் தெரிந்தவர்தான் ருசி சொல்லலாம் என்று இருக்கிறதா என்ன? ஏபிஆர்எஸ்எம் செய்முறைத் தேர்வில் மொத்தம் 150 மதிப்பெண், அதில் கேட்டுச் சொல்லும் ஆரல் பகுதிக்கு வெறும் 18. வாசிக்கப் பழகிய பிள்ளைகளில் பலருக்குக் கேட்கப் பழக்கமில்லாமல் போனதற்கு அந்தக் கணக்கே போதும். இந்தப் பிள்ளைக்குக் காது முதலில் வந்திருக்கிறது. அதை அப்படியே வளரவிடுங்களேன்.

வயலின் டீச்சர்:

மதிப்பெண் கணக்கு சரிதான், அதற்காகத்தான் நானும் தேர்வே வேண்டாம் என்கிறேன். நான் சொல்வது குளிக்கும்போது பாடுவது மாதிரி. யார் முன்னாலும் நிற்க வேண்டாம்.

ஜார்ஜ்டவுன் முன்னாள் மாணவி:

நான் வீட்டுக்கல்வியில் வளர்ந்தவள், இப்போது 21. ஆன்ட்டி, எந்தப் பாடம் எடுத்தாலும் பழங்காலத்திலிருந்து வரிசையாக வருவதை மட்டும் முதலில் எடுக்காதீர்கள். எனக்கு மேற்கத்திய இசை பற்றி ராபர்ட் கிரீன்பர்க் பேசிய 48 விரிவுரைகளை அப்பா காசு கொடுத்து வாங்கினார், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். அருமையாகப் பேசுவார். ஆனால் பண்டைய கிரேக்கத்தில் ஆரம்பித்து, எனக்குப் பிடித்த இசை வருவதற்கு மாதங்கள் ஆகும் என்று தெரிந்ததும் 15 வயதில் கைவிட்டுவிட்டேன். 18 வயதில் திரும்ப எடுத்து முழுதாக முடித்தேன். கெட்ட பாடமில்லை, எனக்கு வயதுதான் பொருந்தவில்லை.

எனக்கு உதவியது நோட்டுதான். ஒரு உருப்படியை மூன்று தடவை கேட்க வேண்டும். முதல் தடவை பேனாவையே தொடக்கூடாது. இரண்டாவது தடவை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, மாற்றம் வரும் இடத்தில் நிமிடமும் நொடியும் மட்டும். மூன்றாவது தடவைதான் என்ன மாறியது என்று எழுத வேண்டும். பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனி முதல் பகுதியை இப்படிக் கேட்டபோது, அந்த நான்கு சுரம் எத்தனை இடத்தில் ஒளிந்திருக்கிறது என்று கோடு போட்டேன், ஒரு பக்கம் நிறைந்துவிட்டது.

அப்புறம், வெண்கலத் தட்டுகளையும் மணிகளையும் சேர்ந்து வாசிக்கும் கமெலான் பற்றி யாருமே பேசவில்லையே! நாம் இருப்பது மலேசியாவில். இரண்டு கமெலான் தொகுதிகளுக்குச் சுருதி ஒரே மாதிரி அமையாது, அதைக் கேட்டால்தான் பியானோவின் சுருதி ஒன்றே சரி என்ற நினைப்பு போகும். டெபுசியே 1889இல் பாரிஸ் கண்காட்சியில் ஜாவா கமெலான் கேட்டு அசந்துபோனவர்தானே.

தவில் வீட்டுப் பிள்ளை:

இந்த நோட்டு முறை ரொம்பப் பிடித்திருக்கிறது தங்கச்சி. இதே மாதிரி, தாளக்கருவி மட்டும் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தைக் கேட்டு எழுத முடியுமே! செந்தூல் அண்ணன் கேட்ட வரிசையை இதை வைத்தே போடலாம்.

செந்தூல் அப்பா:

போட்டுத் தாருங்கள் தம்பி, நான் எடுத்து நடத்துகிறேன். ஆனால் அது வரும் வரை சிஸ்டரின் மகள் காத்திருக்க முடியாது, யேல் பாடத்தை இன்றைக்கே தொடங்கலாம்.

பிறை அம்மா:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி மகளை உட்காரவைத்து முழுவதையும் படிக்கச் சொன்னேன். யேல் பாடம்தான், ஆனால் எட்டாவது விரிவுரையில் இருந்து தொடங்குகிறேன் என்கிறாள், பேஸ் பற்றியதுதான் முதலில் வேண்டுமாம். அதைப் பார்த்துவிட்டு முதலாவதுக்குப் போகட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. திங்களும் வியாழனும் ஒரு மணி நேரம் நானும் கூட உட்கார்ந்து மூன்று தடவை கேட்கப்போகிறேன், ஆளுக்கு ஒரு நோட்டு. அவளுக்குக் கேட்பது எனக்கும் கேட்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது.

டீச்சர் மன்னிக்க வேண்டும், பாட்டு வகுப்பு இப்போது வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். செந்தூல் அண்ணன் சொன்ன பயம் எனக்கும் உண்டு. ஆனால் மாயாமாளவகௌளை விஷயத்தைப் படித்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகப் பாடிப் பார்த்தாள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜூன் மாதம் இடிஎஸ் ரயிலில் கோலாலம்பூர் வருகிறோம், நான்கு மணி நேரம்தானே. கேஎல்சிசியில் பில்ஹார்மோனிக் மண்டபத்தில் ஒரு கச்சேரி, மறுநாள் பிரிக்பீல்ட்ஸில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் பக்கம் ஏதாவது நிகழ்ச்சி அமைந்தால் அதுவும். தவில் தம்பி, உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். வெள்ளிக்கிழமை நீங்கள் வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாமா, அல்லது தொந்தரவாக இருக்குமா?

தவில் வீட்டுப் பிள்ளை:

என்ன தொந்தரவு அக்கா, தாராளமாக வரச் சொல்லுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கே வந்தால் விரலில் கூடு மாட்டுவதில் இருந்து பார்க்கலாம், வலது கைக்குக் கூடு, இடது கைக்குக் குச்சி. வாசிக்கும்போது மட்டும் என் பக்கம் உட்கார வேண்டாம், தவில் சத்தத்தில் வேறு எதுவும் கேட்காது. நாதஸ்வரக்காரர் பக்கம் சுருதிப்பெட்டிக்குக் கிட்டே உட்காரட்டும். நோட்டு எடுத்து வரட்டும், முதல் தடவை பேனா தொடக்கூடாது என்று தங்கச்சி சொன்னதை நானும் பார்த்துக்கொள்கிறேன்.