ஆஸ்பெஸ்டாஸ்: இருக்கிற இடத்திலேயே விடலாமா, கெடு வைத்து அகற்ற வேண்டுமா?

துகள்மானி:
ஆஸ்பெஸ்டாஸ் என்பது நார் வடிவக் கனிமம், அதன் தூசியை மூச்சில் இழுத்தால் புற்றுநோய் வரலாம். பிரிட்டனின் 2012 ஆஸ்பெஸ்டாஸ் கட்டுப்பாட்டு விதிகளில் 4ஆம் விதியைப் பற்றிப் பேசுவோம். வீடல்லாத கட்டடங்கள், அடுக்குமாடிகளின் படிக்கட்டு, தாழ்வாரம் போன்ற பொதுப் பகுதிகள் எல்லாம் இதில் வரும். பழுதுபார்க்கும் பொறுப்பு யாரிடமோ அவர் ஆஸ்பெஸ்டாஸ் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும், ஆபத்தை மதிப்பிட வேண்டும், திட்டம் எழுதி அதன்படி நடக்க வேண்டும். ஆனால் நல்ல நிலையில் இருப்பதை அகற்றச் சொல்லி விதி கட்டாயப்படுத்தவில்லை. 2022 ஏப்ரலில் மக்களவையின் பணி, ஓய்வூதியக் குழு 40 ஆண்டுக் கெடு வைத்து அகற்றப் பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. குழு சொன்னதுதான் சரி என்பேன். வெள்ளை ஆஸ்பெஸ்டாஸுக்கும் 1999இல் தடை வந்துவிட்டது. இன்று கட்டடங்களில் இருப்பது எல்லாமே கால் நூற்றாண்டைத் தாண்டிய சரக்கு.

பராமரிப்புமேசை:
வயதை வைத்து முடிவெடுக்கக் கூடாது, நிலையை வைத்துத்தான் எடுக்க வேண்டும். பொருள் மதிப்பெண் முறை அதற்குத்தானே இருக்கிறது? பொருளின் வகை, சேதம், மேற்பூச்சு, ஆஸ்பெஸ்டாஸின் வகை என்று நான்கையும் கூட்டினால் 2 முதல் 12 வரை வரும். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் அதிக ஆபத்து. பழுப்பு ஆஸ்பெஸ்டாஸ் கலந்த காப்புப் பலகை (சூடும் தீயும் தடுக்கச் சுவரிலும் கூரையிலும் அடிக்கும் பலகை) ஒன்று உடையாமல், பெயின்ட் பூசி இருந்தால் 2, 0, 1, 2, ஆக மொத்தம் 5. குறைந்த ஆபத்துதான். அதைக் கழற்றப் போனால் என்ன ஆகும்? ஆணி அடித்த பலகை முழுசாக வராது, உடைந்துதான் வரும். ஆணித் தலையைச் சுற்றியும், கான்கிரீட் பிளவுகளிலும், மேலே போகும் கேபிள் தட்டுகளிலும் துகள் தங்கிவிடும். சும்மா கிடந்ததைக் காற்றில் கிளப்பிவிட்ட கதையாகும்.

துகள்மானி:
அந்த 5 என்பது பலகைக்குக் கொடுத்த மதிப்பெண். அதன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது அதில் இல்லை. முன்னுரிமை மதிப்பெண்ணையும் சேர்த்துப் பாருங்கள்: அங்கே என்ன வேலை நடக்கிறது, பலகையில் இடி படுமா, எத்தனை பேர் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள், பராமரிப்பு வேலை எவ்வளவு அடிக்கடி. இதற்கும் 12 வரை உண்டு. பூட்டிய பாய்லர் அறையில் ஒதுங்கிக் கிடக்கும் பலகையும், வகுப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் தினம் உதை வாங்கும் பலகையும் பொருள் மதிப்பெண்ணில் ஒன்றேதான். சர்வே அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் "குறைந்த ஆபத்து" என்று பார்த்துவிட்டு மூடிவைக்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

விதிநூல்:
இருவரும் தொடாத ஒன்று, ஆஸ்பெஸ்டாஸைத் தேடும் சர்வேயின் வகை. மேலாண்மை சர்வே என்பது அன்றாடப் பயன்பாட்டுக்கும் சிறு பராமரிப்புக்கும் மட்டும். சுவரை உடைத்துப் பார்க்காது. சர்வேயர் போக முடியாத இடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். "பார்க்கவில்லை" என்று எழுதியதை "இல்லை" என்று படிப்பதால் வரும் விபத்துகள் பல. தடுப்புச் சுவரை எடுப்பதென்றால், அந்தப் பகுதிக்கு மட்டுமாவது புதுப்பிப்பு சர்வே வேண்டும். அது உடைத்துப் பார்க்கும் சர்வே. ஆட்களை வெளியேற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும், இடம் பாதுகாப்பானது என்று உறுதியாகும் வரை உள்ளே விடக் கூடாது. வேலைக்கு முன் ஆஸ்பெஸ்டாஸ் உண்டா என்று கண்டறிவது 5ஆம் விதிப்படி அந்த வேலையைச் செய்யும் ஆட்களின் முதலாளிக்குத் தனிக் கடமை. கட்டடப் பொறுப்பாளர் ரெஜிஸ்டர் (ஆஸ்பெஸ்டாஸ் எங்கே இருக்கிறது என்ற பதிவேடு) தரவில்லை என்பதால் அவர் தப்ப முடியாது.

பராமரிப்புமேசை:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவை எல்லாம் விதியைச் சரியாகப் பின்பற்றச் சொல்லும் வாதங்கள். கெடுவுக்கான வாதம் இதில் எங்கே? காப்புப் பலகையில் 20 மில்லிமீட்டர் விட்டத்துக்குள் ஒரு துளை போடக்கூட வழிமுறை எழுதி வைத்திருக்கிறார்கள். துளையிடும் இடத்தில் கெட்டியான பசை அப்பி, பசை வழியாக மெதுவாகத் துளைக்க வேண்டும். நுண்தூசியை வெளியே விடாத எச் வகை வேக்யூம் கிளீனர் பக்கத்திலேயே ஓட வேண்டும். முகத்துக்குப் பொருந்துகிறதா என்று சோதித்த, நுண்தூசி தடுக்கும் எஃப்எஃப்பி3 மாஸ்க், ஒருமுறை அணியும் முழு உடை. பசையை ஈரத்துணியால் வழித்துக் கழிவுப் பையில் போட்டு, துளையின் விளிம்பை அடைக்க வேண்டும். நேரமும் கணக்கு: ஏழு நாளில் ஒருவருக்கு 1 மணி நேரம், எல்லோருக்கும் சேர்த்து 2 மணி நேரம். தாண்டினால் ஆஸ்பெஸ்டாஸ் வேலைக்கு உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும்.

துகள்மானி:
இதை எல்லாம் யார் செய்வது? நெட்வொர்க் கேபிள் போட வந்தவர் கூரைப் பலகையைத் தூக்கி உள்ளே தலையை விடும்போது, அவருக்கு அந்தப் பசையும் தெரியாது, ரெஜிஸ்டரும் தெரியாது. நார் கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, இருமல்கூட வராது. நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகும். பிழை செய்தவருக்கு அன்றைக்கே ஒரு எச்சரிக்கையும் கிடைக்காத ஆபத்தை, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ஆளும் பிழையில்லாமல் நடப்பார்கள் என்று நம்பி விட்டுவைப்பது நியாயமில்லை.

விதிநூல்:
தகவல் தருவது சட்டத்திலேயே இருக்கிறது. பொருளைக் கலைக்கக்கூடிய ஒவ்வொருவருக்கும் அது எங்கே, என்ன நிலையில் இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும், அவசர சேவையினருக்கும் கிடைக்க வேண்டும். நடைமுறையில் வேலை செய்யும் வழி ஒன்றுதான்: ரெஜிஸ்டரில் அந்த அறையின் பக்கத்தைப் படித்துக் கையெழுத்திடாதவருக்கு வேலை அனுமதிச் சீட்டும் இல்லை, சாவியும் இல்லை. மின்னஞ்சலில் 200 பக்க அறிக்கையை அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கக் கூடாது.

பராமரிப்புமேசை:
அகற்றும் பக்கத்தையும் சொல்லுங்கள். உரிமம் வேண்டிய வேலைக்கு 14 நாள் முன்னறிவிப்பு. பாலித்தீன் கூடாரம், புகை விட்டுக் கசிவுச் சோதனை, உள்ளே இருக்கும் காற்று வெளியே கசியாதபடி எதிர்மறை அழுத்தம். முடிவில் நான்கு கட்டச் சோதனை, காற்றில் மில்லிலிட்டருக்கு 0.01 நாருக்குக் கீழே வந்தாக வேண்டும். இதில் கண்ணால் பார்க்கும் இரண்டாம் கட்டம்தான் உயிர். அதை அவசரமாக முடித்தால் காற்று மாதிரி தேறியும் பிளவில் தூசி இருக்கும். எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே கெடு வைத்தால் அந்த அவசரம்தான் வரும்.

துகள்மானி:
அப்படியானால் ஒரே கெடு வேண்டாம். சிமென்ட் ஷீட் கடைசியில் வரட்டும். பள்ளி, மருத்துவமனைகளில் கை எட்டும் உயரத்தில் இருக்கும் காப்புப் பலகையும் குழாய்க் காப்பும் முதலில் போகட்டும். எந்தக் கட்டடத்தைப் புதுப்பிக்கத் திறந்தாலும், திறந்த பகுதியில் இருப்பதை மறுபடி மூடிவைக்கக் கூடாது என்று விதியில் எழுதட்டும்.

பராமரிப்புமேசை:
திறந்த பகுதி வரைக்கும் எனக்குச் சம்மதம். கூடாரம் போட்டாகிவிட்டது, ஆட்கள் வெளியேறிவிட்டார்கள், அப்போது விட்டுவைப்பதற்குக் காரணமே இல்லை. திறக்காத சுவருக்குத் தேதி குறிப்பதை மட்டும் எதிர்க்கிறேன்.