பிரிட்டன் யுனிவர்சிட்டி "84% உலகத்தரம்"னு சொன்னா அத எப்படி எடுத்துக்கறது?

கேள்வி: திருவொற்றியூர் அப்பா

எல்லாருக்கும் வணக்கம். நான் துறைமுகத்துல கிரேன் ஓட்டுறேன். பொண்ணு பி.எஸ்சி கெமிஸ்ட்ரி முடிச்சிருக்கா. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரம் பூரா படிஞ்சப்ப, எங்க மாமனார் வீட்டு வலை, படகு எல்லாம் கறுத்துப்போச்சு. அன்னையிலேர்ந்து தண்ணியையும் சேத்தையும் சோதிக்கிற படிப்புதான் படிப்பேன்னு நிக்கிறா. இங்கிலாந்துல ரெண்டு யுனிவர்சிட்டியில எம்.எஸ்சி சீட் கிடைச்சிருக்கு. வீட்டுப் பத்திரத்த வெச்சுத்தான் லோன் எடுக்கணும்.

ஏஜென்ட் பெரிய யுனிவர்சிட்டியத்தான் எடுக்கச் சொல்றாரு. வருஷத்துக்கு ஆயிரக்கணக்குல ஆராய்ச்சிக் கட்டுரை வருதாம், அவங்க ஆராய்ச்சியில 84% உலகத்தரம்னு நோட்டீஸ்ல போட்டிருக்கு. பொண்ணுக்கு மனசு கடலோரத்துல இருக்கிற சின்ன யுனிவர்சிட்டி மேல. கட்டுரை எண்ணிக்கைய வெச்சு முடிவு பண்ணலாமா? இந்த 84 யார் போட்ட மார்க்கு? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பெரம்பூர்வாசி

சார், திரும்பி வந்து இங்க வேலை தேடணும்னா பெரிய பேரு கண்டிப்பா உதவும். எங்க கம்பெனியில ஆள் எடுக்கிறவங்க முதல்ல பாக்கிறதே யுனிவர்சிட்டி பேரைத்தான். என் ஓட்டு பெரியதுக்கு.

எண்ணூர்க்காரி

அண்ணா, எனக்கு ஊர் தாழங்குப்பம். இங்கிலாந்துல பிஎச்.டி முடிச்சு இப்ப அங்கயே ஒரு லேப்ல இருக்கேன். பத்திரம் வெக்கிற விஷயம், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

அந்த 84 எங்கேர்ந்து வந்திருக்கும்னு சொல்றேன். பிரிட்டன்ல அரசாங்கத்தோட ஆராய்ச்சிப் பணத்தப் பிரிச்சுக் குடுக்கறதுக்காக சில வருஷத்துக்கு ஒருதடவை எல்லா யுனிவர்சிட்டிக்கும் மார்க் போடுவாங்க. ஆர்.இ.எஃப்-னு பேரு. கடைசியா நடந்தது 2021-ஓடது, ரிசல்ட் 2022 மே மாசம் வந்துச்சு. 157 நிறுவனம் கலந்துக்கிச்சு. நாலு ஸ்டார்னா உலகத்துலயே முன்னணி, மூணு ஸ்டார்னா சர்வதேச அளவுல சிறப்பு. நாடு முழுக்க சேத்துப் பாத்தா நாலு ஸ்டார் 41%, மூணு ஸ்டார் 43%. கூட்டிப் பாருங்க, 84. நோட்டீஸ்ல இருக்கிறது அந்த நாட்டோட சராசரி! பொய்னு சொல்லல. ஆனா அத வெச்சு ஒரு யுனிவர்சிட்டிய இன்னொன்னுக்கு மேல தூக்க முடியாது.

எண்ணிக்கையும் அப்படித்தான். அந்த மார்க் போடறவங்களே மொத்தக் கட்டுரைய எண்ணறதில்ல. 2014-லேர்ந்து 2020 வரைக்கும் செஞ்ச வேலையில ஒரு ஆளுக்கு சராசரியா ரெண்டரை, அதிகபட்சம் அஞ்சுன்னு பொறுக்கி அனுப்பச் சொன்னாங்க. அந்தந்தத் துறைக்காரங்க உக்காந்து மதிப்பிட்டாங்க. மெடிக்கல் காலேஜ் கூட இருந்தா எண்ணிக்கை தானா ஏறும். ஆள் ஜாஸ்தியா இருந்தாலும் ஏறும். 2015-ல ஹிக்ஸ்னு ஒரு அணுவை விடச் சின்னத் துகளோட எடைய அளந்து ஒரு பிசிக்ஸ் கட்டுரை வந்துச்சு. அத எழுதினவங்க 5,154 பேர். 33 பக்கத்துல 24 பக்கம் அவங்க பேரும் நிறுவனமும்தான். அதுல இருக்கிற ஒவ்வொரு யுனிவர்சிட்டியும் அத தன் கணக்குல சேத்துக்கலாம். அருமையான வேலைதான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா சேறு சோதிக்கப் போற பொண்ணுக்கு அந்தக் கணக்கால ஒரு பயனும் இல்ல.

இப்ப வேற ஒரு கட்டுரையச் சொல்றேன். நான் இந்தத் துறைக்கு வந்ததே அதப் படிச்சுத்தான். 2004-ல சயின்ஸ் பத்திரிகையில வந்துச்சு, ஒரே பக்கம். பிளிமத் யுனிவர்சிட்டி ரிச்சர்ட் தாம்ப்சனும் அவரோட சேந்தவங்களும் எழுதினது. கடற்கரை மணலையும் கழிமுகச் சேத்தையும் அள்ளிப் பாத்தா உள்ள பொடிப்பொடியா பிளாஸ்டிக். மைக்ரோபிளாஸ்டிக் பத்தி இன்னைக்கு உலகம் பூரா பேசறதுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய காரணம். இது பழசா புதுசான்னு அவங்க கண்டுபிடிச்ச விதம் துறைமுகத்துல வேலை செய்யற உங்களுக்குப் பிடிக்கும். 1931-லேர்ந்து அங்க சரக்குக் கப்பலுக்குப் பின்னால ஒரு கருவியக் கட்டி இழுத்துட்டுப் போறாங்க. உள்ள பட்டுத்துணி மெதுவா சுருண்டுக்கிட்டே இருக்கும், கடல்ல மிதக்கிற நுண்ணுயிர் எல்லாம் அதுல படியும். ஸ்காட்லாந்துக்கு வடக்க, ஷெட்லண்ட் பக்கமும் ஐஸ்லாந்து பக்கமும் போன கப்பல்கள்லேர்ந்து 1960-கள் முதலா சேத்துவெச்ச துணியப் பிரிச்சுப் பாத்தாங்க. 1960, 70-கள விட 1980, 90-கள்ல பிளாஸ்டிக் நார் ஜாஸ்தியா இருந்துச்சு.

2018-ல முகம் கழுவுற கிரீம்ல பிளாஸ்டிக் மணி போடறத பிரிட்டன் தடை பண்ணுச்சு. அந்தத் தடைக்கு இந்த ஆராய்ச்சி வரிசையும் ஒரு ஆதாரம். ரஸ்ஸல் குரூப்னு 24 பெரிய யுனிவர்சிட்டிங்க சங்கம் ஒன்னு இருக்கு, ஏஜென்ட்டுங்க சதா சொல்ற பேரு. பிளிமத் அதுல கிடையாது.

பொண்ணுக்கிட்ட இதச் செய்யச் சொல்லுங்க. ஆர்.இ.எஃப் ரிசல்ட் இணையத்துல இலவசமா இருக்கு, 34 துறையா பிரிச்சிருக்காங்க. யுனிவர்சிட்டி மொத்த மார்க்க விட்டுட்டு கெமிஸ்ட்ரி, புவி-சுற்றுச்சூழல் ரெண்டையும் மட்டும் பாக்கணும். கட்டுரைக்குத் தனி மார்க் இருக்கும், எத்தனை பேரோட வேலைய அனுப்பினாங்கன்னும் இருக்கும். நாலஞ்சு பேர் மட்டும் அனுப்பி வாங்கின உயர்ந்த மார்க்கும், அறுபது பேர் அனுப்பி வாங்கினதும் ஒன்னில்ல.

அப்புறம் ரெண்டு யுனிவர்சிட்டியும் தங்க கட்டுரைய இணையத்துல சேத்துவெக்கிற களஞ்சியத்துலயும் "கழிமுகம்", "படிவு", "எண்ணெய்"ங்கறதுக்கான இங்கிலீஷ் வார்த்தையப் போட்டுத் தேடணும். பிரிட்டன் அரசாங்கத்தோட ஆராய்ச்சி நிதியத்துல பணம் வாங்கி எழுதின கட்டுரைய, 2022 ஏப்ரல் 1-க்கு அப்புறம் அனுப்பினதா இருந்தா, வெளியான அன்னைக்கே யார் வேணும்னாலும் காசில்லாம படிக்கலாம்னு விதியே இருக்கு. திருவொற்றியூர்ல உக்காந்தே படிச்சிரலாம். கடைசி மூணு வருஷத்துல யார் இந்த விஷயத்துல எழுதியிருக்காங்க, அவங்க இன்னும் அங்கயே இருக்காங்களா, எம்.எஸ்சி பசங்க பேரும் கட்டுரையில வருதா. இத்தனையும் பாத்துட்டு முடிவெடுங்க. பெரம்பூர் அண்ணன் சொல்றதும் ஐ.டி, பேங்க் மாதிரி வேலைக்குப் பொருந்தும். லேப் வேலையில நீ யார்கிட்ட என்ன கத்துக்கிட்டன்னுதான் கேப்பாங்க.

காசிமேடு பையன்

அக்கா சொன்னதோட இதையும் சேத்துக்கோங்கண்ணே. நான் இப்ப அங்க எம்.எஸ்சி படிக்கிறேன். ஒரு வருஷப் படிப்பு, மொத்தம் 180 கிரெடிட், அதுல பெரும்பாலும் 60 ப்ராஜெக்ட்டுக்கு. அந்த ப்ராஜெக்ட் லேப்ல செய்யறதா, இல்ல பழைய கட்டுரையப் படிச்சுத் தொகுக்கறதான்னு கட்டாயம் கேளுங்க. என் கூடப் படிக்கிறவங்க சிலருக்கு லேப்ல இடமில்லன்னு படிச்சு எழுதற வேலையத்தான் குடுத்தாங்க. அவ்ளோ ஃபீஸ் கட்டிட்டு மெஷினத் தொடாம வர்றது ரொம்பக் கஷ்டம்.

திருவொற்றியூர் அப்பா

ரொம்ப நன்றிம்மா, தம்பி. நைட்டே பொண்ணு உக்காந்து தேடிட்டா. சின்ன யுனிவர்சிட்டியில சேத்துல எண்ணெய் எவ்ளோ நாள் தங்குதுன்னு ஒரு டீச்சரம்மா வரிசையா எழுதியிருக்காங்களாம். பெரியதுல கெமிஸ்ட்ரி மார்க் நல்லாருக்கு, ஆனா எல்லாம் மருந்து, பேட்டரி பக்கம். அந்தம்மாவுக்கு நேரா மெயில் போடலாமா? தப்பா எடுத்துக்க மாட்டாங்களே?

எண்ணூர்க்காரி

தாராளமா போடலாம்ணா, அங்க அது சகஜம். அவங்க கட்டுரையில ஒன்ன முழுசாப் படிச்சுட்டு அதப் பத்தி ஒரு கேள்வி, எண்ணூர்ல கண்ணால பாத்தத நாலு வரி, அடுத்த வருஷம் லேப் ப்ராஜெக்ட்டுக்கு எம்.எஸ்சி பசங்கள எடுப்பாங்களாங்கறது. அவ்ளோ போதும். பொண்ணே எழுதட்டும், ஏஜென்ட் எழுதித் தர்ற மெயில் வேணாம். ஆகஸ்ட்ல பாதிப் பேர் லீவுல போயிருவாங்க, அதுக்குள்ள அனுப்பிடுங்க. அனுப்பறதுக்கு முன்னாடி இங்க போட்டா நான் பாத்துத் தரேன்.