நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையும் வைக்காத அறிக்கையும்: உங்கள் அனுபவம் என்ன?

திராஸ் டிரைவர்:
1999 கார்கில் போரின்போது நான் ஏஎஸ்சியில், அதாவது ராணுவத்தின் சரக்குப் போக்குவரத்துப் பிரிவில், லாரி ஓட்டினேன். குண்டுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, ராத்திரியில் ஹெட்லைட்டை அணைத்துவிட்டு கார்கில் பக்கத்திலுள்ள திராஸ் வரைக்கும் போவோம். ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபின் நூலகத்தில் அந்தப் போரை ஆராய்ந்த கார்கில் ஆய்வுக் குழுவின் அறிக்கை கையில் கிடைத்தது. திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம்தான் குழுத் தலைவர். 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைத்தார்கள். என் ஆங்கிலத்துக்குப் படித்து முடிக்க இரண்டு மாதம் ஆனது. பாதுகாப்பைக் காரணம் காட்டிச் சில பகுதிகளை எடுத்துவிட்டிருந்தார்கள். உளவுத்துறை கோட்டைவிட்ட கதையை ஆவலாகப் படிக்கும்போது அது எரிச்சல்தான்.

ஆனால் ஓரிடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். சிப்பாயின் பணிக்காலத்தை 17 ஆண்டிலிருந்து 7 முதல் 10 ஆண்டாகக் குறைத்து, அப்புறம் துணை ராணுவத்துக்கு அனுப்பலாம் என்று ஒரு யோசனை. 15 ஆண்டு முடித்தால்தான் எங்களுக்கு பென்ஷன். அப்படியானால் என் கதி? 2022 ஜூனில் அக்னிபத் என்ற ராணுவ ஆள்சேர்ப்புத் திட்டம் வந்தது, பணி நான்கே ஆண்டு. டீக்கடையில் எல்லாரும் "திடீர்னு கொண்டாந்துட்டாங்க" என்றார்கள். அக்னிபத்தும் அந்த யோசனையும் ஒன்றல்ல, சரி. ஆனால் பேச்சு 22 ஆண்டுப் பழசு என்றேன். யாரும் நம்பவில்லை. மறுநாள் ஜெராக்ஸ் எடுத்துப் போய்க் காட்டினேன்.

பண்ணைக்காரர் மகன்:
அண்ணா, உங்களுக்கு ஜெராக்ஸ் எடுக்கவாவது ஒரு பக்கம் இருந்தது. என் அப்பா ராணுவப் பண்ணையில் ஃப்ரீஸ்வால் என்ற கலப்பினப் பால்மாடுகளைப் பார்த்துக்கொண்டவர். 2017 ஆகஸ்டில் 39 பண்ணைகளையும் மூடுவதாகச் செய்தி வந்தது. ராணுவச் செலவைச் சீரமைக்க அமைத்த ஷெகட்கர் குழு 99 பரிந்துரைகள் தந்ததாம், அதில் 65 ஏற்கப்பட்டதாம். எண்ணிக்கை எல்லாம் பேப்பரில் வந்தது, அறிக்கை மட்டும் வரவில்லை. பண்ணை வேண்டாம் என்பதற்கு அவர்கள் போட்ட கணக்கு என்ன என்று தெரிந்துகொள்ள தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) மனு போட்டேன். நாட்டின் பாதுகாப்பு, பிரிவு 8(1)(ஏ) என்று மூன்று வரியில் பதில். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "பால் கணக்குல என்னடா ரகசியம்?" என்றார்.

திராஸ் டிரைவர்:
தம்பி, 1962 சீனப் போரைப் பற்றிய ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையையே இன்னும் அவையில் வைக்கவில்லை. 1963 செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சர் சவாண் மக்களவையில் அதைப் பற்றி ஓர் அறிக்கை வாசித்ததோடு சரி. 2010இல் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஏ.கே. அந்தோணியும் வெளியிட முடியாது என்றுதான் சொன்னார். ஒரு பகுதி 2014இல் இணையத்தில் வந்தது, அதுவும் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையாளர் தயவில். நீ சோர்ந்துவிடாதே. முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள் உண்டு. முழு அறிக்கையைக் கேட்காமல் பண்ணை பற்றிய பத்தியை மட்டும் கேட்டுப் பார்.

பண்ணைக்காரர் மகன்:
போட்டுவிட்டேன் அண்ணா. மாடுகளைப் பற்றி மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.